பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யும் முன்

டவுன்ஹால் ரோட்டுக் கடையில் பழைய கம்ப்யூட்டரைக் கொடுக்கப் போகிறீர்களா? அதில் எப்போதாவது பிட்காயின் கோர் (பிட்காயினை வைத்திருக்க உதவும் சாஃப்ட்வேர்) போட்டிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். காசை எடுக்கத் தேவையான ரகசியச் சாவிகள் இருப்பது வாலட்.டாட் (wallet.dat) என்ற ஃபைலில். விண்டோஸில் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, ரோமிங், பிட்காயின் என்று உள்ளே உள்ளே போக வேண்டும். ஆப்டேட்டா கண்ணுக்குத் தெரியாது. வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸை டிக் செய்தால்தான் மங்கலான மஞ்சளில் எட்டிப் பார்க்கும். ஃபைல் அங்கே இல்லையா, உள்ளே இருக்கும் வாலட்ஸ் ஃபோல்டரைத் திறங்கள். பிட்காயின் கோரின் 28-ம் பதிப்பு முதல் புதிதாகப் போட்டவர்கள் ரோமிங்குக்குப் பதில் லோக்கலில் தேடுங்கள்.

நீங்கள் போட்டிருந்தது எலக்ட்ரம் என்ற இன்னொரு பிட்காயின் சாஃப்ட்வேர் என்றால் ரோமிங்குக்குள் எலக்ட்ரம், அப்புறம் வாலட்ஸ்.

சாஃப்ட்வேரை மூடிவிட்டு, இரண்டு பென்டிரைவில் காப்பி எடுங்கள். பாஸ்வேர்டு போடாத ஃபைல் கடைக்காரர் கையில் கிடைத்தால் அவரே காசை எடுத்துவிடலாம். தயவுசெய்து வாட்ஸ்அப்பில் மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.