ஆண்டெனா திரும்பிய திசை: குமரி மாவட்டத்தில் ஒரு திகில் குறும்படம் எடுக்க

திகில் குறும்படம் எடுக்கணும் என்று வருகிற தம்பி தங்கைகளிடம் நான் முதலில் கேட்பது, "உங்க வீட்டு டி.வி. ஆண்டெனா எந்தப் பக்கம் பாத்து நின்னுது?" என்பதைத்தான். தெரியாதவர்கள் அம்மையிடம் கேட்டுவிட்டு வரட்டும். வடமேற்கே திருப்பினால் திருவனந்தபுரத்து மலையாளம். வடக்கே கொடைக்கானல் வழியாகத் தமிழ். தென்கிழக்கே திருப்பி சிக்னலைக் கூட்டுகிற பூஸ்டரையும் மாட்டினால், சில ராத்திரிகளில் கடல் தாண்டி இலங்கையின் ரூபவாகினி டி.வி. ஒரே கம்பம்தான், திசைக்கு ஒரு மொழி.

நான் மார்த்தாண்டத்துக்காரன். சென்னையில் வாயைத் திறந்தால் மலையாளியா என்பார்கள். திருவனந்தபுரத்தில் பேசினால் தமிழன் என்று கண்டுகொள்வார்கள். 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனாலும் "சொன்னேன்" என்பதற்கு "பறஞ்சேன்" என்று சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்தில் சிரிப்புக்கு ஆளான பிள்ளைகள் அதற்குப் பிறகும் உண்டு. உங்கள் கதையை அங்கிருந்து எடுங்கள். வெள்ளைச்சேலையும் கொலுசுச் சத்தமும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

நான் சொல்லிக்கொடுக்கிற பயிற்சிக் காட்சி இது. பையன் மாடியில் ஆண்டெனாவைத் திருப்புகிறான். "தெரியுதா?" கீழேயிருந்து ஒரு குரல்: "இல்ல மக்கா, இத்திரி அங்கோட்டுத் திருப்பு." "இப்ப?" "ஆங், அங்கனயே நிறுத்து." இறங்கி வந்தால் வாசலில் பூட்டுத் தொங்குகிறது. உள்ளே டி.வி. ஓடுகிறது. அந்தக் குரல் பேசுவது, பையன் வெளியே பேசக் கூச்சப்பட்டு விட்டுவிட்ட வீட்டுப் பேச்சு. அதனால் வசனத்தைச் சென்னைத் தமிழாக மாற்றாதீர்கள். புரியாதவர்களுக்குத் திரையின் அடியில் எழுத்துப் போட்டால் போதும். குரல் கொடுக்க உங்கள் தெருவிலேயே வயதான ஒருத்தியைத் தேடுங்கள். எழுதின வரியை அவர் தன் வாய்க்கு ஏற்ப மாற்றினால் மாற்றினபடியே வையுங்கள்.

இனி டி.வி. பின்பக்கம் புடைத்த அந்தக் காலத்துக் குழாய் டி.வி. பழைய இரும்புக்கடையிலோ மெக்கானிக்கிடமோ கிடைக்கும். வீட்டில் சாலிடேர், டயனோரா இருந்ததா, கெல்ட்ரான் இருந்ததா என்று விசாரித்து அதையே தேடுங்கள். முதல் இரண்டும் சென்னைப் பெட்டிகள், கெல்ட்ரான் கேரளத்துப் பெட்டி. அந்த வீடு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதைப் பெயர்ப்பலகையே சொல்லிவிடும். பின்மூடியை மட்டும் நீங்கள் கழற்றவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் உயிரை எடுக்கிற அளவு மின்சாரம் தேங்கி நிற்கும். அது மெக்கானிக்கின் வேலை.

நாம் எடுத்த படத்தை அதில் ஓட்ட எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி.யாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பின் சொருக இடமில்லாத பழைய செட் என்றால், ஆண்டெனா வயர் போகிற பழைய வி.சி.ஆர். ஒன்றை நடுவில் வையுங்கள். சிக்னல் இல்லாத திரையில் பொரிகிற புள்ளி மழைக்கு எதுவுமே வேண்டாம், வயரைப் பிடுங்கினால் தானாக வரும். பிந்தி வந்த சில செட்டுகள் சிக்னல் இல்லாவிட்டால் நீலத்திரை காட்டும், அவற்றைத் தவிருங்கள்.

போனில் எடுப்பவர்கள் எல்லாரும் சிக்குவது கறுப்புப் பட்டையில். நம்மூர் டி.வி. நொடிக்கு 50 முறை திரையை வரைகிறது. போனோ நொடிக்கு 30 ஃபிரேமில், அதாவது 30 படமாக, எடுக்கிறது. கணக்கு ஒத்துப்போகாததால் திரையில் பட்டை ஊர்ந்துபோகும். 25 ஃபிரேமும் ஷட்டர் 1/50 நொடியும் வைக்கவிடுகிற கேமரா செயலியைப் போடுங்கள். பட்டை அடங்கும். நம் கரண்டும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் துடிக்காது. டி.வி.யில் ஓடப்போகும் காட்சிகளை, பழைய டி.வி. திரையின் அகல உயர அளவான 4:3-க்கு வெட்டுங்கள். நடுவே "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டையை எப்போது போடுவது என்பதை யோசித்து வையுங்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்த அட்டை விலகும்வரை கண்ணை எடுக்கமாட்டார்கள். உங்கள் பேய் அப்போது அறைக்குள் நடந்து முடித்துவிடலாம்.

முகத்தில் விழ டி.வி. வெளிச்சம் மட்டும் பத்தாது. டார்ச்சில் நீலக் கண்ணாடித்தாளைச் சுற்றி, முன்னால் விரலை அசைத்துக்கொண்டே இருங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் சத்தம். குழாய் டி.வி. ஓடும்போது 15,625 ஹெர்ட்ஸில் மெல்லிய கீச்சு ஒன்று வரும். ஒரு முழுப் படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 தடவை, அந்தப் பெருக்கல்தான். சின்னப் பிள்ளைகளுக்குக் கேட்கும், வயசானவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்காது. பக்கத்து அறையில் யாரோ டி.வி. போட்டிருக்கிறார்கள் என்று பேத்தி சொல்ல, ஆச்சி இல்லை என்று சாதிக்க, இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அந்த ஒலியைப் படத்தில் நம்பி வைக்காதீர்கள், பல ஸ்பீக்கரில் வராது. பேத்தியின் முகத்தைக் காட்டுங்கள்.

வெளிப்புறத்துக்குக் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டம் நல்லது. விடியும் முன் தலையில் லைட் கட்டிப் பால் வெட்ட வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தை, மாசி வாக்கில் போகாதீர்கள், இலையுதிர்ந்து வானம் வெளுத்துக் கிடக்கும்.

இசக்கியம்மையைப் பேயாகக் காட்டவேண்டாம். முப்பந்தல் கோயிலில் கும்பிட நிற்கிறவர்களுக்கு அவள் அம்மை. இசக்கியோடு சேர்த்துச் சொல்லப்படும் நீலி கதை வேண்டுமென்றால் வில்லுப்பாட்டுக் கலைஞர் ஒருவரிடம் உட்கார்ந்து முழுக்கக் கேளுங்கள், பிறகு எழுதுங்கள்.

படம் முடிந்ததும் யூடியூபில் ஏற்றும் முன், அதே குழாய் டி.வி.யில் வீட்டாருக்குப் போட்டுக் காட்டுங்கள். எங்கே பயந்தார்கள் என்பதோடு, எந்த வசனத்தில் "இது நம்ம பேச்சில்ல" என்றார்கள் என்பதையும் குறித்துக்கொண்டு, அந்த வசனத்தைத் திரும்பப் பதிவு செய்யுங்கள்.