70 என்றால் எந்த 70? பாலிமர் தாரில் தொடரும் தவறுகள்

“பழைய மதிப்பீட்டில் பி.எம்.பி. 70 என்று இருந்தது. புதியதில் 70-10 என்று போட்டுவிட்டேன், சரிதானே?” என்று கேட்டார், சாயல்குடிப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேலை பார்க்கும் இளம் பொறியாளர். சரியில்லை தம்பி. பி.எம்.பி. என்பது சாலைக்குப் போடும் பாலிமர் கலந்த தார். எண் அதுதான், பொருள் தலைகீழ்.

2004-இல் வந்த ஐ.எஸ். 15462 என்ற இந்தியத் தரநிலையில் 120, 70, 40 என்றவை ஊசி இறங்கும் ஆழத்தை ஒட்டிய பெயர்கள். 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 100 கிராம் சுமையோடு ஊசி 5 நொடியில் எவ்வளவு இறங்குகிறது என்பதே கணக்கு. எண் கூடினால் தார் இளகல். 2019 திருத்தத்தில் 64-10, 70-10, 76-10, 82-10, 76-22 என்று பெயர்கள் வந்தன. இவற்றில் முதல் எண், எத்தனை பாகைச் சூட்டிலும் தார் விறைப்பை இழக்கக் கூடாது என்பது. இரண்டாவது, பூஜ்யத்துக்குக் கீழே எத்தனை பாகைக் குளிர் வரை தார் தாங்க வேண்டும் என்பது. இப்போது முதல் எண் கூடினால் விறைப்புக் கூடுகிறது. ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் சால்வை போர்த்தக்கூடக் குளிர்வதில்லை. இங்கே 76-22 கேட்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

வெயில் ஊர்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு 82 எழுதுவதும் தவறு. விறைப்பான தாருக்குக் கலவைச் சூடு கூடுதலாக வேண்டும். லாரியில் தொலைவு வந்து, கடற்காற்றில் மெல்லிய அடுக்காக விரித்தால், ரோலர் ஏறுவதற்குள் ஆறிவிடும்.

ரப்பர் கலந்த தார் (ரப்பர் தூள் கலந்ததைச் சி.ஆர்.எம்.பி. என்பார்கள்) 2019-இல் ஐ.எஸ். 17079 என்ற தனித் தரநிலைக்குப் போய்விட்டது. ‘ஐ.எஸ். 15462-இன்படி சி.ஆர்.எம்.பி. 55’ என்று ஒப்பந்தத்தில் இன்னும் எழுதினால் ஒப்பந்ததாரருக்கும் ஆய்வகத்துக்கும் சண்டை மூட்டியதுதான் மிச்சம்.

பிளாஸ்டிக் சாலையையும் இதோடு குழப்புகிறார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் காட்டிய வழியில், துண்டாக்கிய பிளாஸ்டிக் சூடான ஜல்லியின் மேல் படிகிறது. பிறகு சேர்ப்பது சாதாரணத் தார். அதற்கு இந்திய சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) 2013-இல் முதலில் வெளியிட்ட எஸ்.பி. 98 என்ற வழிகாட்டி இருக்கிறது. அதை பாலிமர் தார் என்று பில்லில் எழுதக் கூடாது.

என்னைக் கேட்டால், தாரை அதிகம் கெடுப்பது டேங்கில்தான். ஐப்பசி மழையில் வேலை நிற்கும். டேங்கில் மிச்சத் தார் நாள்கணக்கில் சூட்டிலேயே கிடக்கும். டேங்கில் கலக்கும் கருவி ஓடாவிட்டால் ரப்பர் துகள் அடியில் தங்கும், பாலிமர் பிரியும். மழை விட்டதும் டேங்கர் வந்த நாளின் சான்றிதழைக் காட்டி வேலையைத் தொடங்குவார்கள். அந்தக் காகிதம் சொல்வது அன்றைய தாரை. மேலிருந்தும் அடியிலிருந்தும் மாதிரி எடுத்து இளகுநிலை, அதாவது தார் எத்தனை பாகையில் இளகுகிறது என்று பாருங்கள். பிரிதல் சோதனையில் பாலிமர் தாருக்கு அனுமதிக்கும் வேறுபாடே 3 பாகைதான். டேங்கில் அதைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள்.

மழையில் ஜல்லி கழன்றதும் தாரைத் திட்டுவது இன்னொரு வழக்கம். பாலிமர் இருப்பதாலேயே ஈர ஜல்லியிலும் புழுதி ஜல்லியிலும் தார் ஒட்டிவிடாது. நனைத்த கலவையின் இழுவலிமை, நனைக்காததில் 80 சதவீதமாவது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் நீற்றிய சுண்ணாம்போ, ஒட்டுதலைக் கூட்டும் வேதிப்பொருளோ சேர்க்க வேண்டும்.

தனுஷ்கோடிப் பக்கம் வேலை என்றால் மணலையும் கணக்கில் வையுங்கள். மேல் அடுக்கு ஒட்டுவதற்காக முதலில் தெளித்த ஒட்டுத்தாரின் மேல் மணல் படிந்தால் 76 போட்டாலும் 82 போட்டாலும் மேல் அடுக்கு உரியும். அன்று மூட முடிகிற தூரத்துக்கு மட்டும் தெளியுங்கள். காற்று வலுத்தால் அன்றைக்குத் தெளிக்கவே வேண்டாம்.