நள்ளிரவில் கதவு திறந்தால் நம்மை எழுப்பும் மணி: மறதிநோயுள்ளவரைப் பராமரிப்போருக்கு

மறதிநோய் உள்ளவர்களில் பலர் அந்தி சாய்ந்தபின் நிலைகொள்ளாமல் தவிப்பார்கள். சிலர் நள்ளிரவில் எழுந்து, 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று சொந்த வீட்டிலிருந்தே கிளம்பிவிடுவார்கள். உடனிருந்து பார்த்துக்கொள்பவரோ சிறு ஓசைக்கும் விழித்து விழித்து உடல் நொந்துபோகிறார். அவர் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வேண்டியது காந்த சென்சாருடன் வரும் கம்பியில்லாக் கதவு மணி ஒன்றுதான். எளிய வகைகளுக்கு இணையமோ ஸ்மார்ட்போனோ தேவையில்லை.

வாங்குவதற்கு முன், மூன்று நான்கு இரவுகள் மறதிநோயுள்ளவர் எத்தனை மணிக்கு எழுகிறார், எந்தக் கதவை நோக்கிப் போகிறார் என்று குறித்துவையுங்கள். கழிப்பறையைத் தேடித்தான் எழுகிறார் என்றால், அங்கே போகும் வழியில், ஆள் அசைந்தால் எரியும் சிறு விளக்குகளைத் தரையோரம் பொருத்துங்கள்.

அடுத்து, சென்சாரின் பெரிய பகுதியைக் கதவு நிலையிலும், காந்தம் உள்ள சிறிய பகுதியைக் கதவிலும், அவர் கைக்கு எட்டாத உயரத்தில், தூசியைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். கதவு மூடியிருக்கையில் இரண்டும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குள் நேரெதிராக இருக்க வேண்டும். கதவு திறந்து காந்தம் விலகியதும் உள்ளிருக்கும் சுவிட்ச் நிலை மாறி, மணிக்குச் சைகை போகிறது. இரும்பு கிரில் கேட் காந்தப்புலத்தைத் திசைதிருப்பிவிடும் என்பதால் மரக்கதவே நல்லது.

மணியை வைக்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். வாசலருகே அது அலறினால் அவர் மிரண்டு, தடுமாறி விழக்கூடும். ஆகவே உங்கள் தலைமாட்டில், உங்களை மட்டும் எழுப்பும் அளவுக்கு ஒலியைக் குறைத்து வையுங்கள். பிளக்கில் செருகும் வகையானால் இன்வெர்ட்டர் இணைப்புள்ள இடத்தில் செருகுங்கள். இல்லையேல் மின்வெட்டின்போது அது ஊமையாகிவிடும். வாரம் ஒருமுறை கதவைத் திறந்து சோதியுங்கள். சென்சாரிலிருந்து கழற்றிய பொத்தான் பேட்டரியை உடனே அப்புறப்படுத்துங்கள்; விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மணி இருக்கிறதே என்று அவரைத் தனியே விட்டுச் செல்லவோ, அறையை வெளியே பூட்டவோ வேண்டாம்; தீப்பிடித்தால் அவரால் வெளியேற முடியாது. மணி ஒலித்ததும் "எங்கே போகிறீர்கள்?" என்று அதட்டாமல், "நானும் வருகிறேன்" என்று நாலடி கூடவே நடந்து, தண்ணீர் கொடுத்துத் திரும்ப அழைத்து வாருங்கள். உங்கள் தொலைபேசி எண் எழுதிய அட்டை எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். தேடியும் காணவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே அவசர உதவி எண்ணான 112-ஐ அழையுங்கள்.