ஸ்டென்ட் வைத்தவர்கள் மாத்திரையில் செய்யும் தவறுகள்

இருப்பதிலேயே ஆபத்தான தவறு, நன்றாக இருக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்துவது. ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகிவிட்டது, நெஞ்சுவலி இல்லை, மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்கவில்லை. அப்புறம் எதற்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று இரண்டு மாத்திரை? ஸ்டென்ட் என்பது அடைத்த இதய ரத்தக்குழாயை விரித்து வைக்கும் உலோக வலை. ரத்தக்குழாயின் உள்தோல் வளர்ந்து அதை மூடும்வரை, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அதன்மேல் ஒட்டிக் கட்டியாகலாம். கட்டி குழாயை அடைத்தால் மாரடைப்புதான். அதைத் தடுக்கத்தான் பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 மாதம் இரண்டு மாத்திரையும், பிறகு ஒன்று மட்டும் தொடர்ந்து. எப்போது குறைப்பது என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும்.

அடுத்தது பல் பிடுங்கும் சமாச்சாரம். "அஞ்சு நாள் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். ஒன்றிரண்டு பல் எடுக்கப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. ரத்தம் நிற்கக் கொஞ்சம் நேரமாகும். பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தாலோ ஒரு தையல் போட்டாலோ நின்றுவிடும். பெரிய அறுவை சிகிச்சை என்றால் இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவெடுக்க வேண்டும். முதல் நாள் இரவு மட்டும் ஆஸ்பிரினைத் தவிர்ப்பதில் பயனும் இல்லை. அது முடக்கிய தட்டணு, தன் ஆயுளான 7 முதல் 10 நாள் வரை முடங்கியே கிடக்கும்.

குளோபிடோக்ரெலுக்குப் பதிலாகச் சிலருக்குத் தரும் டிகாக்ரெலார் அப்படியல்ல. காலை, இரவு இரண்டு வேளையும் போட்டால்தான் வேலை செய்யும். சிலருக்கு இதனால் மூச்சுத்திணறல் வரும். பயந்து தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்று மாத்திரை தருவார். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது.

மெடிக்கல் ஷாப்பில் மூட்டுவலிக்கென்று கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும், வயிற்றிலும் ரத்தக்கசிவைக் கூட்டும். கேஸுக்குப் போடும் ஒமிப்ரசோல் குளோபிடோக்ரெலின் பலனைக் குறைக்கும். பான்டோப்ரசோல் அந்த அளவுக்குக் குறைக்காது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஒரே கேப்சூலில் வருவதும் உண்டு. அது தெரியாமல் பழைய அட்டையையும் சேர்த்துப் போட்டால் இரட்டிப்பு அளவு.

இதய நோயே இல்லாதவர், பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்று தினமும் ஆஸ்பிரின் போடுவதும் வேண்டாம். 2018-இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களுக்கு அது மாரடைப்பைப் பெரிதாகக் குறைக்கவில்லை, ரத்தக்கசிவைத்தான் கூட்டியது.

மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, மூக்கில் வடியும் ரத்தம் நிற்காவிட்டாலோ மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.