கீமோ சமயத்தில் ரத்தம் குறைகிறதா? வீட்டில் கவனிப்பது எப்படி

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஆரம்பித்தபோது முடி கொட்டும், வாந்தி வரும் என்று தயாராகத்தான் இருந்தோம். மூன்றாவது கீமோ முடிந்த வாரம், வீட்டு ஆசாரத்திலிருந்து மாடு கட்டுகிற கட்டுத்தரைக்குப் போகிற இருபது எட்டில் அம்மா இரண்டு இடத்தில் நின்றார். கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல சாமி, கொஞ்சம் அசதியா இருக்குது" என்றார். நானும் விட்டுவிட்டேன். அடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.1. உங்கள் வீட்டில் அப்படி விட்டுவிடக் கூடாது.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுகிற இடமும் அதில் அடிபடும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பழையது உதிர உதிரப் புதியது போதாமல் போவதால், முதல் கீமோவில் பெரிதாகத் தெரியாத இறக்கம் மூன்று நான்கு கீமோவுக்குப் பிறகு தெரியும்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கீமோவுக்கு முன்பும் ரத்தம் எடுப்பார்கள். தேதி போட்டு ஹீமோகுளோபின், வெள்ளையணு, தட்டணு (பிளேட்லெட்) மூன்றையும் எழுதுங்கள். பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆனால் ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதுதான் முக்கியம்.

அடுத்தது, தினமும் ஒரே வேலையை வைத்து அளப்பது. வாசல்படி ஏறுவதோ, கோலம் போடுவதோ, ஏதாவது ஒன்று. நேற்று மூச்சு வாங்காமல் செய்தவர் இன்று பாதியில் உட்காருகிறாரா? கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், உள்ளே வெளுத்திருக்கிறதா? கிறுகிறுப்பு, படபடப்பு, எல்லாவற்றையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். நம் வீட்டுப் பெண்கள் டாக்டர் முன்னால் "பரவாயில்லைங்க" என்றுதான் சொல்வார்கள். நோட்டு அப்படிச் சொல்லாது.

சிவப்பு நிற ஊசி போட்டவர்களுக்கு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், ரத்தமில்லை. இதற்குப் பயந்து எங்கள் வீட்டில் ஓர் இரவு யாரும் தூங்கவில்லை.

இரும்புச்சத்து மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். கீமோவால் வரும் ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதில்லை. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12 போன்றவற்றைப் பார்த்துவிட்டு டாக்டர் முடிவு செய்வார். வாந்தி மாத்திரையே பலருக்கு மலச்சிக்கல் தரும். தேவையில்லாத இரும்பு மாத்திரையும் சேர்ந்தால் பெரும் அவதி.

சாப்பாடு. கொள்ளு, பச்சைப்பயறு கடைசல், முருங்கைக்கீரை, முட்டை, நன்றாக வெந்த ஈரல் எல்லாம் நல்லது. மேலே கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். டீ, காபியைச் சாப்பாட்டோடு தராமல் ஒரு மணி நேரம் தள்ளித் தாருங்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுவும் குறைந்திருக்கும் சமயம் என்பதால் வேகாததும் கடை ஜூஸும் வேண்டாம். பீட்ரூட் சாறு குடித்தால் ரத்தம் ஊறும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நிறம் ஒன்றுதான், அவ்வளவே. சாப்பாடு தெம்பு தரும். அடிபட்ட மஜ்ஜையை அது மட்டுமே சரிசெய்யாது.

ரத்தம் ஏற்றச் சொன்னால் பதற வேண்டாம். பொதுவாக ஹீமோகுளோபின் 7, 8 என்று இறங்கும்போதோ, மூச்சுத்திணறல் அதிகமானாலோ ஏற்றுவார்கள். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 1 ஏறும். ரத்தம் கொடுக்க வருகிறவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்கும் ஹீமோகுளோபின் 12.5க்கும் குறையக் கூடாது. இரண்டு மூன்று பேரிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஏற்றும்போது குளிர், நடுக்கம், அரிப்பு வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, மயங்கி விழுவது, ரத்தப்போக்கு, 100.4 டிகிரிக் காய்ச்சல். எந்த நேரமானாலும் கிளம்பிவிடுங்கள். தோட்டத்து வீட்டில் இருந்தால் ராத்திரி வண்டி கிடைப்பது கஷ்டம். அதனால் 108, வார்டு எண், பக்கத்துத் தோட்டத்துக் கார்க்காரர் எண் மூன்றையும் நோட்டின் பின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், கண்ணாடி போடாமலே அப்பா படிக்கிற அளவுக்கு.