மேமோகிராமுக்குப் போகும் முன்

மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க எடுக்கும் மார்பு எக்ஸ்ரேதான் மேமோகிராம். மார்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களுக்கான குறிப்பு இது. கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருந்தால், காம்பில் ரத்தம் கசிந்தால், போன தடவை ரிப்போர்ட் நார்மலாக இருந்திருந்தாலும் நாள் கடத்தாமல் டாக்டரைப் பாருங்கள்.

நம் அரசுத் திட்டத்தில் 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மார்பைக் கையால் பரிசோதிப்பதுதான் முதல் படி. மேமோகிராமுக்கு அமெரிக்கப் பரிந்துரை 40 முதல் 74 வயது வரை, இரண்டாண்டுக்கு ஒருமுறை. அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் முன்னதாகவே தொடங்க வேண்டியிருக்கலாம்; டாக்டரிடம் கேளுங்கள்.

மாதவிலக்குக்கு முந்தைய வாரம் வேண்டாம். மார்பு கனத்திருக்கும், அழுத்தினால் தாங்காது. விலக்கு முடிந்த அடுத்த வாரம் தோதானது.

அன்றைக்குக் குளித்ததும் அக்குளில் பவுடர், சென்ட், கிரீம் எதுவும் கூடாது. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ்ஸில் வெயிலில் வருகிறவர்களுக்கு இது சிரமம்தான். ஆனால் பவுடர் துகளும் டியோடரண்டில் உள்ள அலுமினியமும் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழும்; புற்றுநோயின் ஆரம்பச் சுண்ணாம்புப் புள்ளிகளும் ஏறக்குறைய அப்படியேதான் தெரியும். மறந்து போட்டுவிட்டால் சென்டரிலேயே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இடுப்புக்கு மேல் கழற்ற வேண்டும் என்பதால் புடவை ரவிக்கையோ சுடிதாரோ வசதி, நீளக் கவுன் வேண்டாம். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாவிட்டால் முதுகுப் பக்கம் தள்ளிவிடலாமா என்று டெக்னீஷியனைக் கேளுங்கள். படத்துக்குள் விழக் கூடாது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு மார்புக்கும் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று, ஆக நான்கு படம். அழுத்தம் சில நொடிதான். அழுத்தினால்தான் சதை பரவி, ஒன்றன் பின் ஒன்று மறையாது. படம் கலங்காது, கதிர்வீச்சும் குறையும். வலிக்குப் பயந்து தோளை விறைத்தால் சாய்வுப் படத்தில் அக்குள் பக்கச் சதை விட்டுப்போகும். தோளைத் தளர்த்தி, சொல்லும்போது மூச்சைப் பிடியுங்கள்.

ரிப்போர்ட்டின் கடைசியில் பைராட்ஸ் என்று ஒரு எண் இருக்கும். 0 என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை; கூடுதல் படமோ பழைய படமோ வேண்டும். 1, 2 பயமில்லை. 3 என்றால் புற்றுநோயாக இருக்க 2 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பில்லை. ஆறு மாதத்தில் மறுபடி படம். 4, 5 வந்தால் ஊசி வழி பயாப்சி, அதாவது சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது. இதைத் தள்ளிப்போடக் கூடாது. மதுரை பாலரெங்கபுரத்தில் அரசின் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் சதை அடர்த்தி சி அல்லது டி என்றிருந்தால் அடர்த்தி அதிகம், கட்டி மறைந்திருக்கலாம். அல்ட்ராசவுண்டும் தேவையா என்று கேளுங்கள்.

காகித ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், சிடியையும் கேட்டு வாங்குங்கள். ஒரே புள்ளி இரண்டு வருடமாக மாறாமல் இருக்கிறதா, புதிதாக முளைத்ததா என்பது பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

தள்ளுபடியில் வரும் ‘முழு உடல் பெட் ஸ்கேன்’ (கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுப்பது) மேமோகிராமுக்கு மாற்று இல்லை. கதிர்வீச்சு பல மடங்கு. பழைய காசநோய்த் தழும்புகூட சில சமயம் அதில் ஒளிர்ந்து, தேவையில்லாத பயாப்சி வரை இழுத்துவிடலாம்.