ஆறு மணிக்கு வாசலில் நில்லுங்கள்: ஹோர்ட்டன் சமவெளிக்கும் நக்கிள்ஸுக்கும் போகிறவர்களுக்கு

விடுமுறைக்குத் தாயகம் வருகிறவர்கள் நல்லூர், கீரிமலை, கசூரினா கடற்கரை என்று சுற்றிவிட்டு, கடைசியில் மிஞ்சும் இரண்டு நாட்களை இலங்கையின் மலையகத்துக்கு ஒதுக்குகிறார்கள். பிள்ளைகள் கூடாரம் அடித்துத் தங்க ஆசைப்படுவார்கள். நல்ல ஆசைதான். ஆனால் நோர்வேயில் காட்டோரம் பார்த்த இடத்தில் ஓரிரவு கூடாரம் போட்டுப் பழகியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இங்கே அனுமதி வாங்கிய இடத்தில், பதிவு செய்த நாளில் மட்டுமே தங்கலாம்.

முதலில் காலத்தைப் பாருங்கள். ஹோர்ட்டன் சமவெளிக்கு நல்ல மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. வானம் தெளிவாக இருக்கும். ஆனால் இரவில் குளிர் கடுமையாக இறங்கும், ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனியே படியும். “இலங்கைதானே” என்று மெல்லிய போர்வையோடு வந்து இரவு முழுக்க நடுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் குளிர்காலத்துக்கு வைத்திருக்கும் உறங்குபையையே கொண்டு வாருங்கள். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில்தான் வர முடியும் என்றால் அங்கே காற்றும் தூறலும் புகாரும் (மூடுபனியும்) இருக்கும். அந்த மாதங்களில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகள் ஓரளவு காய்ந்திருக்கும். டிசம்பரில் அதே கிழக்குப் பக்கம் மழையில் நனைந்துகொண்டிருக்கும்.

ஹோர்ட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் புல்வெளியும் முகில் காடும். மகாவலி, களனி, வளவை என்ற மூன்று ஆறுகளுக்கும் நீர் தரும் மேட்டுநிலம் இது. 1988இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. 2010இல் நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைக் காடு இரண்டோடும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பிடித்தது.

இங்கே எல்லாத் திட்டமும் காலை ஆறு மணியிலிருந்து தொடங்க வேண்டும். வாசல் ஆறு மணிக்குத் திறக்கும். ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து புகார் ஏறி வந்து ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பை மூடிவிடும். முதல் முறை நாங்கள் காலைச் சாப்பாட்டை ஆறுதலாக முடித்துவிட்டுப் பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். 800 மீட்டருக்கும் அதிகமான அந்தப் பாதாளம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைச் சுவர் மட்டும் நின்றது. லண்டனிலிருந்து அதற்காகவே வந்திருந்த அம்மா ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்தார். அது இன்னும் என் மனதில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், நுவரெலியாவில் தங்கினால் விடிகாலை நாலரைக்கே வண்டி ஏறுங்கள்.

சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். முதலில் உலக முடிவு, திரும்பும்போது பேக்கர் நீர்வீழ்ச்சி. பாறை விளிம்பில் நின்று படம் எடுக்க வேண்டாம், அங்கிருந்து விழுந்தவர்கள் உண்டு. சறுக்காத சப்பாத்து கட்டாயம். கூட்டம் பிடிக்காதவர்கள் கிரிகல்பொத்தைக்கு ஏறும் பாதையைக் கேளுங்கள். நாட்டின் இரண்டாவது உயரமான சிகரம் அது. போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு கிலோமீட்டர். என்னைக் கேட்டால் உலக முடிவைவிட அந்த நடைதான் இந்தச் சமவெளியின் உண்மையான அழகு. மரைகள் (பெரிய மான்கள்) தாராளமாகக் கண்ணில் படும், வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து நிற்கும். தயவுசெய்து தீனி போடாதீர்கள்.

உள்ளே கூடாரம் போடவும் பங்களாவில் தங்கவும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். விடுமுறை நாட்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், விமானச் சீட்டு எடுத்த கையோடு இதையும் பாருங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குக் கட்டணம் டாலரில் கணக்கிடப்படும். அதன்மேல் சேவைக் கட்டணம், வற் வரி, வாகனக் கட்டணம் எல்லாம் சேரும்போது குடும்பத்துக்குப் பெரிய தொகை வரும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு வராதீர்கள். வாசலில் பையைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். அது நல்ல நடைமுறை. சாப்பாட்டை வாழையிலையிலோ டப்பாவிலோ கட்டிக்கொண்டால் தொல்லையில்லை.

நக்கிள்ஸ் வேறு கதை. அது வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் இருக்கும் காடு, அனுமதியும் அவர்களிடம்தான். ஒருநாள் போதும் என்றால் மாத்தளை, ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைப்பக்கம். இரவு தங்க வேண்டுமென்றால் ஹுன்னஸ்கிரியவிலிருந்து உள்ளே இறங்கி மீமுரே கிராமம். பாதை ஒடுக்கம், வளைவுகள் அதிகம். தாழ்ந்த கார் வேண்டாம், வழி தெரிந்த சாரதியோடு வான் வண்டியில் போங்கள். கிராமத்தவர்களே ஆற்றோரம் கூடாரத்துக்கு இடம் தந்து சோறும் சமைத்துக் கொடுப்பார்கள். சின்னப் பிள்ளைகளோடு முதல் முறை தங்குவோருக்கு நான் மீமுரேயைத்தான் சொல்வேன். போன் சிக்னலை நம்ப வேண்டாம். அப்புறம், இரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சி. மழை பெய்த மறுநாள் காலில் ஏறாமல் இருக்காது. நீண்ட காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, வெளியே சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல், கொஞ்சம் உப்புப் போட்டால் தானே விழும். வழிகாட்டி இல்லாமல் சிகரம் ஏறுவதும், மேலே மழை கறுத்திருக்கும்போது ஆற்றில் இறங்குவதும் வேண்டவே வேண்டாம்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகத்தில் பெரும் மண்சரிவுகளை உண்டாக்கியது. வீதிகளும் ரயில் பாதையும் உடைந்தன. அதனால் புறப்படுமுன் எந்த வீதி திறந்திருக்கிறது, ரயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, இலவச அம்புலன்ஸ் 1990.

சமவெளியிலிருந்து ஒஹிய பக்கமாக இறங்கினால் தேயிலைத் தோட்டங்கள் வரும். தோட்டத் தொழிலாளர்கள் வாழும் லயன் வீடுகளை (வரிசை வீடுகளை) வண்டிக்குள் இருந்தே படம் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். நிறுத்தி, கடையில் ஒரு தேத்தண்ணி குடியுங்கள், தமிழில் பேசுங்கள். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் கால்நடையாக வந்தவர்களின் வழிவந்தவர்கள் அந்தத் தோட்ட மக்கள். அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை 2023இல் அதே வழியில் நடந்து நினைவுகூர்ந்தார்கள். எந்தப் பாதை சரிந்திருக்கிறது, நாளைக்கு மழை வருமா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.